ஆம்ஸ்டர்டாம் குழந்தையின் இதயம்: ஒரு நொதி இல்லாமற்போன நிகழ்வு

1930 டிசம்பர் 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தார் யோஹன்னஸ் காசியானுஸ் போம்பே. அவருக்கு அப்போது வயது 29. குழந்தையின் இதயம் அந்த வயதுக்கு இருக்கவே கூடாத அளவுக்குப் பெருத்திருந்தது. இப்படிப்பட்ட இறப்புகளை அன்று 'காரணம் அறியப்படாத இதயப் பெருக்கம்' என்று குறித்துக்கொள்வார்கள். போம்பேயும் அப்படி எழுதிக் கோப்பை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் இதயத் தசையிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல இதயத் தசை நெருக்கமாக நெய்த துணி போல இருக்கும். குறுக்கே கோடு போட்ட நார்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி ஓடும். இந்தக் குழந்தையின் தசையோ பொத்தல் பொத்தலாக, மீன்வலையைப் போலத் தெரிந்தது. ஒவ்வொரு நாரிலும் சுருங்கி விரியும் பகுதி ஓரத்துக்கு ஒதுங்கியிருக்க, நடுவில் குமிழ்கள். அந்தக் குமிழ்களில் அடைந்து கிடந்தது கிளைக்கோஜன். விலங்குகளின் உடல் தனக்கென்று சேர்த்து வைக்கும் மாவுச்சத்து அது.

1932இல் நெதர்லாந்து மருத்துவ இதழில் இதை வெளியிட்டார். 1936இல் இதையே முனைவர் பட்ட ஆய்வாகவும் விரித்து எழுதினார். போம்பே நோய் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். அந்தக் குழந்தையின் பெயர் மருத்துவ நூல்களில் இல்லை. ஆனால் மனித உடல் மாவுச்சத்தை எப்படி உடைக்கிறது என்பதில் ஓர் அடிப்படையான உண்மை அந்தச் சிறிய இதயத்தின் வழியாகத்தான் நமக்குத் தெரியவந்தது. ஒரு நொதிக்கு எதை வெட்டத் தெரியும் என்பது பாதிச் செய்தி. அது எந்த இடத்தில் நின்று வெட்டுகிறது என்பது மறுபாதி. இந்த நோயின் தொண்ணூறு ஆண்டு வரலாறு முழுக்க அந்த மறுபாதியைப் பற்றியது என்றே நான் படிக்கிறேன்.

வடிகஞ்சியும் அயோடினும்

உயிர்வேதியியல் சொல்லித்தருபவன் நான். ஆண்டுதோறும் முதல் செய்முறை வகுப்பில் மாணவர்களை வீட்டிலிருந்து கொஞ்சம் வடிகஞ்சி கொண்டுவரச் சொல்வேன். அதை நன்றாக நீர் விட்டுக் கலக்கி மூன்று சோதனைக் குழாய்களில் ஊற்றுகிறோம். முதல் குழாயில் ஒன்றும் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் உமிழ்நீர். மூன்றாவதில் உமிழ்நீரோடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டுகள். எலுமிச்சைச் சாறு போதாதா என்று யாராவது ஒருவர் கேட்பார். கூடாது, அதிலுள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும், பிறகு எதைப் பார்த்து முடிவு சொல்வது?

குழாய்களை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துச் சூடேற்றுகிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டை எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விடுகிறார்கள். முதல் குழாயின் சொட்டு மையைப் போலக் கருநீலம். இரண்டாவது, முதலில் நீலம், அடுத்த முறை ஊதா, அதற்கடுத்து செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும். மாவுச்சத்துச் சங்கிலி துண்டு துண்டாவதை நிறம் இறங்கி இறங்கிக் காட்டுகிறது. மூன்றாவது குழாயில் முதல் குழாயின் அதே கருநீலம். அதே நொதி, அதே கஞ்சி; இடம் புளித்துவிட்டது, அவ்வளவுதான். உமிழ்நீரின் அமிலேஸுக்கு நடுநிலையான சூழல்தான் ஒத்துவரும். அமிலத்தில் அதன் வடிவம் குலைந்து வேலை நின்றுபோகிறது. வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்றால் நாவில் தட்டும் இனிப்பு, விழுங்கியபின் இரைப்பையின் அமிலத்தில் ஏன் தொடர்வதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

செம்பழுப்பு நிறத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ளும்போது இன்னொன்றையும் சொல்வேன். கிளைக்கோஜன் மீது அயோடின் விட்டாலும் இதை ஒத்த செம்பழுப்புதான் வரும். அரிசியின் மாவுச்சத்தும் நம் கல்லீரலின் கிளைக்கோஜனும் ஒரே சரக்கு: குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலிகள். மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள பிணைப்பும் ஒன்றே. கிளைக்கோஜனில் கிளைகள் மிக நெருக்கமாகப் பிரியும், பத்து மணிகளுக்கு ஒரு கிளை என்று ஏறத்தாழச் சொல்லலாம். அதனால்தான் கருநீலம் காட்டும் நீளமான சுருள் அதில் அமைவதில்லை.

இந்தப் பிணைப்பை வெட்டும் நொதிகள் நம் உடலில் பல. 1991இல் பிரான்சின் பெர்னார் ஆன்ரிசா, சர்க்கரைப் பிணைப்புகளை உடைக்கும் நொதிகளை அவற்றின் அமினோ அமில வரிசையை வைத்துக் குடும்பங்களாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அந்த எண்களைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். உமிழ்நீர், கணைய அமிலேஸ்கள் 13ஆம் குடும்பம். அவை நீளச் சங்கிலியின் நடுவில் பாய்ந்து, அரிவாளால் கரும்பைத் தறிப்பதுபோல் சிறு துண்டுகளாக்கும். தனிக் குளுக்கோஸை விடுவிப்பது அவற்றின் வேலையாக இருப்பதில்லை. மீந்த துண்டுகளை நுனியிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றுவது வேறொரு கூட்டம். நம் கதைக்கு வேண்டியது அதுதான்: 31ஆம் குடும்பம், ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ்கள்.

அந்தக் குடும்பத்தில் இருவர் சிறுகுடலின் உட்சுவரில் வேரூன்றி நிற்கிறார்கள். ஒருவர் மால்டேஸ்-குளுக்கோஅமிலேஸ், மற்றவர் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ். நாம் உண்ணும் இட்லியும் சோறும் கடைசியாகக் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் சேர்வது இந்த இருவரின் கையால். உணவின் முதல் கவளத்தோடு சர்க்கரை நோயாளிகள் விழுங்கும் அகார்போஸ் மாத்திரை இவர்களைத்தான் மந்தப்படுத்துகிறது. மூன்றாமவர் புதிதாக உருவாகும் புரதங்களின் மீது ஒட்டியிருக்கும் சர்க்கரையைச் சீர்செய்பவர். நான்காமவர் செல்லுக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல், ஓர் அமிலப் பைக்குள் இருக்கிறார். அவரைப் பற்றி 1930இல் ஒருவருக்கும் தெரியாது.

எல்லாம் இருந்தும் தீராத குவியல்

போம்பே தன் நோயாளியின் புதிர் அவிழ்வதைப் பார்க்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனை ஒன்றில் நோய்க்குறியியலாளராக இருந்த அவர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். அவருடைய ஆய்வகத்தில் ரகசிய வானொலிக் கருவி ஒன்று இயங்கியது. 1945 பிப்ரவரி 25 அன்று அது பிடிபட, அவரும் கைதானார். ஏப்ரல் 15 அன்று, ரயில் பாலம் ஒன்று தகர்க்கப்பட்டதற்குப் பழிவாங்கலாக, சின்ட் பாங்க்ராஸ் என்ற ஊருக்கு அருகே புல்வெளியில் வேறு 19 பேரோடு நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மூன்று வாரங்களில் நெதர்லாந்து விடுதலை பெற்றது.

1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கெர்ட்டி கோரி, கிளைக்கோஜன் தேங்கும் நோய்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். கிளைக்கோஜன் எப்படிச் சிதைகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகக் கணவர் கார்ல் கோரியோடு 1947இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். முதல் வகை கல்லீரல் வீங்கும் நோய். அதில் எந்த நொதி குறைகிறது என்பதை 1952இல் கோரி தம்பதியர் நிறுவிவிட்டனர். போம்பே நோய் இரண்டாம் வகை. அதில்தான் எல்லோரும் திகைத்து நின்றார்கள்.

திகைப்புக்குக் காரணம் உண்டு. கிளைக்கோஜனை உடைக்கத் தேவையான, அன்று தெரிந்த எல்லா நொதிகளும் இந்தக் குழந்தைகளிடம் சரியாக இருந்தன. பாஸ்போரிலேஸ் இருந்தது. கிளைகளை வெட்டும் நொதி இருந்தது. ரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தது. அட்ரினலின் ஊசி போட்டால் கல்லீரல் கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸை வெளிவிட்டது. முதல் வகை நோயில் இது நடக்காது. குதிரின் அடைப்பு திறந்துதான் இருக்கிறது, நெல்லை அள்ள ஆளும் இருக்கிறது, ஆனாலும் வீடெங்கும் நெல் குவிந்து சுவர் வெடிக்கிறது. எப்படி?

விடை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கே கிறிஸ்டியான் டி டூவ் 1955இல் லைசோசோம் என்ற செல் உறுப்பை உலகுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். ஒற்றைச் சவ்வால் மூடிய சிறு பை, உள்ளே அமிலம், அமிலத்தில் மட்டும் இயங்கும் சிதைப்பு நொதிகள். செல் தன் பழைய பாகங்களையும் வேண்டாத பொருள்களையும் அதற்குள் தள்ளிச் செரித்துக்கொள்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் கிளைக்கோஜன் நோய்களை ஆராய்ந்துவந்தவர் ஆன்ரி-ஜெரி எர்ஸ். நடுநிலைச் சூழலில் எல்லோரும் தேடி முடித்த இடத்தை விட்டுவிட்டு, எர்ஸ் அமிலச் சூழலில் தேடினார். இரண்டு குளுக்கோஸ் மணிகள் மட்டும் கோத்த சர்க்கரையான மால்டோஸை எடுத்துக்கொண்டு, பி.எச். 4 அளவுக்குப் புளித்த கரைசலில் திசுச் சாற்றைச் சேர்த்து, குளுக்கோஸ் வெளிப்படுகிறதா என்று பார்த்தார். மற்றவர்களின் கல்லீரலிலும் இதயத்திலும் தசையிலும் அமிலத்தில் இயங்கும் ஒரு மால்டேஸ், அதாவது மால்டோஸை வெட்டும் நொதி, இருந்தது. போம்பே நோயுள்ள குழந்தைகளின் திசுக்களில் அது இல்லை. 1963இல் இதை வெளியிட்டார்.

என் வகுப்பின் மூன்றாவது குழாயைத் திருப்பிப் போட்டது போன்ற சோதனை இது. அமிலேஸ் செயலிழக்கும் இடத்தில் மட்டும் உயிர்பெறும் நொதி ஒன்று இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே ஒரு துணிவு வேண்டும். எர்ஸின் அந்தச் சில பக்கக் கட்டுரையை மாணவர்கள் அனைவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான்காமவர் அகப்பட்டார்: அமில ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ். செல் தன் பழைய பாகங்களை லைசோசோமுக்குள் இழுத்துக்கொள்ளும்போது, அவற்றோடு சேர்ந்து அக்கம்பக்கத்துக் கிளைக்கோஜனும் கொஞ்சம் உள்ளே போய்விடும். சவ்வுக்கு வெளியே இருக்கும் பாஸ்போரிலேஸ் என்னதான் திறமையானதாக இருந்தாலும் உள்ளே நுழைய முடியாது. நுழைந்தாலும் அந்த அமிலத்தில் பிழைக்காது. உள்ளே போனதைக் கரைக்க ஒரே ஒரு நொதிதான் உண்டு. அது இல்லையென்றால் போனது போனதுதான். நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பை வீங்கும், பல பைகள் ஒன்றாகும், ஒரு நாள் வெடிக்கும், சுற்றியுள்ள தசைநார் குலையும். 1964இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கிளைக்கோஜன் இருவிதமாகத் தெரிந்தது: சிதறலாக வெளியே இருப்பது ஒருபுறம், சவ்வால் மூடிய பைகளுக்குள் திணிந்து கிடப்பது இன்னொருபுறம். போம்பே கண்ட குமிழ்கள் அந்தப் பைகள்தாம்.

லைசோசோமில் ஒரு நொதி குறைவதால் வரும் நோய் என்று முதன்முதலில் நிறுவப்பட்டது இதுவே. அந்த வகையில் இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட நோய்கள் அறியப்பட்டுள்ளன.

படுக்கையருகில்

இந்த நோயோடு பிறக்கும் குழந்தை முதல் வாரங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கலாம். இரண்டு மாதத்தை ஒட்டிப் பால் குடிக்கத் திணறும். தூக்கினால் கை கால் தொய்ந்து துணிப்பொம்மையைப் போலத் தொங்கும், தலை நிற்காது. நாக்கு பெரிதாக இருக்கும். அடிக்கடி நெஞ்சுச் சளி, மூச்சு வாங்கல். சளிக்காக எடுத்த எக்ஸ்ரேயில் இதய நிழல் நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் பல நேரங்களில் சந்தேகமே எழுகிறது. ஈசிஜியில் அலைகள் தாளைத் தாண்டும் உயரத்துக்கு எழும். இத்தனைக்கும் நடுவில் குழந்தையின் கண்கள் விழிப்பாக இருக்கும். அம்மாவைப் பார்க்கும், சிரிக்கும். அந்தச் சிரிப்பால்தான் நோயின் கடுமை வீட்டாருக்குப் பிடிபடத் தாமதமாகிறது.

சிகிச்சை பெறாத 168 குழந்தைகளின் குறிப்புகளைத் திரட்டி 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, பாதிக் குழந்தைகள் 8.7 மாத வயதுக்குள் இறந்துவிட்டதாகச் சொல்கிறது. ஆம்ஸ்டர்டாம் குழந்தைக்கு ஏழு மாதம்.

நொதி அறவே இல்லாமல் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் நோய் தாமதமாக, பள்ளி வயதிலோ நாற்பது வயதிலோகூட வெளிப்படும். அவர்களுக்கு இதயம் பெரும்பாலும் தப்பிவிடும். படியேற முடியாமை, படுத்தால் மூச்சுமுட்டல், காலையில் தலைவலி என்று வரும். உதரவிதானம் தளர்வதால் இரவில் மூச்சு ஆழமில்லாமல் போகிறது. அதுவே அந்தத் தலைவலிக்குக் காரணம். தசைநோய் என்றும் ஆஸ்துமா என்றும் பல ஆண்டுகள் அலைந்து திரிந்தபின் கண்டுபிடிக்கப்படுபவர்கள் இவர்கள்.

உடன்பிறப்பு குழப்பிய ரத்தச் சோதனை

கண்டறியும் வழி ஒரு காலத்தில் கொடுமையாக இருந்தது. தசையில் ஒரு துண்டு வெட்டியெடுக்க வேண்டும், அல்லது தோலில் கிள்ளி எடுத்த செல்களை வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். மூச்சே திணறும் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. ரத்தத்திலேயே நொதியை அளந்துவிடலாமே என்றால், அங்கேதான் குடும்பச் சிக்கல் குறுக்கிட்டது. ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையில் மால்டேஸ்-குளுக்கோஅமிலேஸும் இருக்கிறது, குடலில் நிற்கும் அதே நொதி. உருவத்திலும் வேலையிலும் நான்காமவருக்கு மிக நெருங்கிய உறவு. அமிலக் கரைசலில்கூட ஓரளவு வேலை செய்துவிடும். ஆகவே போம்பே நோயுள்ள குழந்தையின் ரத்தமும் 'நொதி இருக்கிறது' என்று பொய் சொன்னது.

தீர்வு சர்க்கரை நோய் மாத்திரையிலிருந்து வந்தது. சோதனைக் கரைசலில் அகார்போஸைத் தகுந்த அளவில் சேர்த்தால் குடல் நொதி முடங்கிவிடும், லைசோசோம் நொதி பெரும்பாலும் தப்பிக்கும். மீதி அளவிடப்படுவது நமக்கு வேண்டிய நொதி மட்டும். குதிகாலில் குத்தி எடுத்து வடிதாளில் காயவைத்த ஒரு பொட்டு ரத்தம் இப்போது போதும். தைவான் 2005இலேயே பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைத் தொடங்கிவிட்டது. அங்கே அறிகுறி முற்றுவதற்கு முன்பே கண்டறியப்பட்டு, சில நாள், சில வார வயதில் சிகிச்சை தொடங்கப்பட்ட குழந்தைகள் எழுந்து நடந்தார்கள். ஒரு குடும்பத்தின் இரு நொதிகளை ஒரு மாத்திரையால் பிரித்தறிந்த இந்த உத்தியை, இந்த வரலாற்றில் மிக நேர்த்தியான பகுதியாக நான் கருதுகிறேன். பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது வருத்தமாக இருக்கிறது.

முகவரி எழுதாத மருந்து

இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? இந்த எண்ணம் 1960களிலேயே வந்துவிட்டது. மாவுச்சத்தை உடைப்பதில் பூஞ்சைகள் கைதேர்ந்தவை. ஆகவே அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சையிலிருந்து எடுத்த ஆல்ஃபா-குளுக்கோசிடேஸைக் குழந்தைகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். கல்லீரலில் கிளைக்கோஜன் சற்றுக் குறைந்தது. இதயமும் தசையும் அசையவில்லை. உடல் அந்த அந்நியப் புரதத்தை எதிர்க்கத் தொடங்கியது. மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த நொதியாலும் பலன் கிட்டவில்லை.

ஏன் தசைக்குப் போய்ச் சேரவில்லை என்பது 1970களில்தான் விளங்கியது. லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளின் மேல் செல் ஒரு முத்திரை குத்துகிறது: மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை முத்திரை. செல்லின் புறச்சவ்வில் அந்த முத்திரையைப் படித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. வில்லியம் ஸ்லை, ஆர்னால்ட் கப்லான் ஆகியோரின் 1977ஆம் ஆண்டுப் பணி இதைத் தெளிவாக்கியது. பூஞ்சை நொதிக்கு வெட்டும் திறமை இருந்தது, முகவரி இல்லை. தபால்காரரிடம் கொடுத்த முகவரியில்லாத உறையைப் போல அது கல்லீரலிலேயே தங்கிவிட்டது.

அதன்பின் ராட்டர்டாமில் ஆர்னால்ட் ராய்சரும் அன்ஸ் வான் டெர் ப்ளூக்கும், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒய்.டி. சென் குழுவினரும் முத்திரையோடு கூடிய மனித நொதியைத் தயாரிக்க இரு வேறு வழிகளில் இறங்கினார்கள். டியூக் குழு வெள்ளெலியின் சூலகச் செல்களில் மனித மரபணுவைப் புகுத்தி நொதியை விளைவித்தது. இதே நோயோடு பிறந்த ஜப்பானியக் காடைகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, படுத்துக் கிடந்த காடைகள் சிறகடித்து எழுந்தன. ராட்டர்டாம் குழுவினர் மரபணு மாற்றிய முயல்களின் பாலில் மனித நொதியைச் சுரக்கச் செய்தார்கள். 1999இல் நான்கு குழந்தைகளுக்கு அந்தப் பால்நொதி செலுத்தப்பட்டது. பெருத்த இதயம் சுருங்கத் தொடங்கியது. முயல்பாலைக் கொண்டு எல்லோருக்கும் போதுமான அளவு தயாரிக்க முடியாததால் இறுதியில் செல் வழியே நிலைபெற்றது. 2006இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட 18 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அத்தனை பேரும் 18 மாத வயதைத் தாண்டினார்கள். சிகிச்சையில்லாக் காலத்தில் அந்த வயதைத் தொட்டவர்கள் மிகச் சிலர்.

இருந்தும் முகவரிச் சிக்கல் ஓயவில்லை. முதல் மருந்தில் முத்திரைகள் குறைவு. எலும்புத் தசைகளில் ஏற்பிகளும் குறைவு. இதயம் தேறும் வேகத்தில் கால்களும் உதரவிதானமும் தேறவில்லை. 2021இல் அனுமதி பெற்ற அடுத்த மருந்து, அதே நொதியின் மேல் கூடுதல் முத்திரைகளை ஒட்டவைத்தது. வெட்டும் இடத்தில் ஒரு மாற்றமும் இல்லை, முகவரி மட்டும் தடித்த எழுத்தில் எழுதப்பட்டது என்று சொன்னால் என் மாணவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

இன்னொரு தடை, சில குழந்தைகளின் உடல் இந்த நொதியை ஒருபோதும் பார்த்ததில்லை என்பது. குறைபட்ட வடிவில்கூட ஒரு துளி உருவாகாத குழந்தைகளுக்கு, மருந்தாக வரும் நொதி முழு அந்நியன். எதிர்ப்பொருள்கள் பெருகி மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். முதலில் தேறி, பிறகு கண்ணெதிரே சரிந்த குழந்தைகள் இவர்கள். இப்போது சிகிச்சை தொடங்கும் முன்பே மரபணுவைப் பார்த்து இவர்களை இனங்கண்டு, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூன்றாவது தடை மூளை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள அரணை இந்த நொதி தாண்டாது. தப்பிப் பிழைத்து வளர்ந்த குழந்தைகள் சிலரின் மூளை ஸ்கேனில் வெண்பகுதியில் மாற்றங்கள் தென்படத் தொடங்கியுள்ளன. எட்டு மாதத்தில் இறந்த தலைமுறையில் இதைப் பார்க்க வாய்ப்பே இருக்கவில்லை.

இந்தியாவில்

மருந்தின் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும். ஒரு குப்பியில் 50 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு இரண்டு குப்பி. அதே குழந்தை பிழைத்து, வளர்ந்து, இருபது கிலோ ஆனால் எட்டுக் குப்பி, ஆண்டுக்கு 208. குழந்தை எடை கூடுவது எந்தப் பெற்றோருக்கும் மகிழ்ச்சி. இந்த வீடுகளில் எடை கூடும்போதெல்லாம் செலவும் கூடுகிறது.

2021இல் இந்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், சிகிச்சை இருந்தும் செலவு மிகுந்த மூன்றாம் பிரிவில் போம்பே நோய் இடம்பெற்றுள்ளது. தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகள் வழியே ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பெரிய தொகைதான். ஆனால் அது ஓர் உச்சவரம்பு, நோய் வாழ்நாள் நோய். தொகை தீர்ந்ததும் மருந்து நின்றுபோன குழந்தைகளுக்காகப் பெற்றோர்கள் டில்லி உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது, சுருங்கிய இதயத்தை மறுபடி வீங்க விடுவதாகும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது: தொடங்கினால் தொடர வேண்டும், அதற்கேற்பக் கொள்கை திருத்தப்பட வேண்டும்.

நம் ஊரோடு இந்த நோய்க்கு இன்னொரு தொடர்பும் உண்டு. தாயும் தந்தையும் இருவருமே குறையுள்ள மரபணுவின் ஒரு படியைச் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். சுமப்பவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அக்காள் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் ஒரே மூதாதையின் குறை இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அந்தக் குடும்பங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முதல் குழந்தை இதயம் வீங்கி இறந்திருந்தால், காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். ஒரு பொட்டு ரத்தம் இருந்தால் மரபணுவைப் படித்துவிடலாம். அடுத்த கருவைப் பதினொரு வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடித் துணுக்கில் சோதிக்கலாம்.

அப்படிக் கருவிலேயே கண்டறியப்பட்ட ஒரு குழந்தைக்கு 2021இல் கனடாவின் ஓட்டாவாவில் வேறொன்று செய்தார்கள். இதே நோய்க்கு முன்பே குழந்தைகளைப் பறிகொடுத்த வீடு அது. நொதி துளியும் உருவாகாத கடுமையான வகை. தாயின் வயிற்றின் வழியே ஊசியைச் செலுத்தி, தொப்புள்கொடியின் ரத்தக்குழாயில், 24ஆம் வாரத்திலிருந்து 34ஆம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு தடவை நொதியைக் கொடுத்தார்கள். அந்த வயதுக் கருவின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதையும் எளிதில் அந்நியமாகக் கருதாது. குழந்தை பிறந்தபின்பும் சிகிச்சை தொடர்ந்தது. 2022 நவம்பரில் அந்த ஆய்வறிக்கை வெளிவந்தது. 13 மாத வயதில் இதயம் இயல்பான அளவில் இருந்தது என்றும், குழந்தை நடக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.